உள்ளே ஒரு வார்த்தை

வியாபாரம் பேச வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "மனுசன் வெளியவே வரமாட்டாரு. ஆனா உள்ள உக்காந்துட்டே எல்லாத்தையும் ஆட்டி வெக்கறாரு பாருங்க." நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். அவர்கள் பயந்து பேசிய அந்த மனிதர் அந்த நேரத்தில் பெரும்பாலும் பொம்மிடி ஸ்டேஷன் பக்கம் யாரோடாவது நின்று போண்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இல்லாவிட்டால் வீட்டில் போனைப் பார்த்தபடி தூங்கிப் போயிருப்பார்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பொம்மிடிக்கும் நடுவே, ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த ஜவ்வரிசி ஆலை. சேகோ பேக்டரி என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். மலையடிவாரத்துத் தோட்டங்காடுகளிலிருந்து லாரி லாரியாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வரும். தோல் உரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவெடுத்து, குலுக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. நான் இண்டூர்க்காரி. தருமபுரியில் பி.காம். முடித்துவிட்டு அங்கே ஆபீஸ் வேலைக்குப் போனேன். பேக்டரியை நடத்தியவர் அந்த அக்கா. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது என்பதற்காக மட்டுமல்ல, எழுத எனக்கு முகம் இல்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிழங்கு புரோக்கரோ, ஜவ்வரிசி வாங்க வரும் சேலத்து வியாபாரியோ விலையைச் சொன்னதும், காது கொடுத்துக் கேட்பார். தலையை ஆட்டமாட்டார். பிறகு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உள்ள அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தர்றேனுங்க" என்பார். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் போய்விடுவார். விலை பேச வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், "ஐயா இன்னைக்கு எப்பிடி இருக்காரு, கோவமா இருக்காருங்களா?" என்று கேட்பார். நானும் குரலைத் தாழ்த்தி, "காலைல இருந்தே சரியில்லீங்க" என்பேன். கொஞ்ச நேரத்தில் அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். "அவரு ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. நானும் சொல்லிப் பாத்தேன்" என்பார். வந்தவர் அக்காவுக்காகப் பரிதாபப்பட்டு, புரோக்கர் என்றால் விலையை இறக்குவார், வியாபாரி என்றால் ஏற்றிச் சொல்வார்.

அந்த அறையில் காலிச் சாக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரும் ஒரு தண்ணீர்க் குடமும்தான் இருந்தன. ஒருமுறை ஏதோ அவசரம் என்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டேன். அக்கா சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு கை கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும். அவரு சட்டுனு முடிவெடுக்கற ஆளில்ல" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் கடலைத் தொலி எல்லாம் பறந்தது.

கோபம், கண்டிப்பு, பிடிவாதம் எல்லாவற்றையும் அக்கா அந்த அறைக்குள் இருந்த இல்லாத மனிதர் பேரில் எழுதி வைத்திருந்தார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனை நிறுத்தும்போது, "எனக்கு மனசு வரலப்பா, அவருதான் வேண்டாம்னுட்டாரு" என்பார். கோயில் நோம்பிக்கு நன்கொடை என்று அதிகம் கேட்டு வந்தாலும் அவர்தான் மறுப்பார். நிஜ மாமா (அக்கா என்று ஆன பிறகு அவர் எனக்கு மாமாதானே) என்றைக்காவது பேக்டரிக்குள் வந்தால் ஆட்கள் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அவருக்கு ஒன்றும் புரியாது. "எதுக்கு பாப்பா எல்லாரும் என்னைப் பாத்தா இப்பிடி நடுங்கறாங்க?" என்று என்னிடம் கேட்பார். நல்ல மனிதர்தான். அப்பா விட்டுப்போன பேக்டரியை ஒரு சீசன் நடத்திப் பார்த்துவிட்டு, நமக்கு இது வராது என்று அவரே ஒதுங்கிக்கொண்டவர். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதில்லை.

ஏன் இந்த நாடகம் என்று ஒரு நாள் கேட்டேன். களத்தில் காயும் ஜவ்வரிசியைக் காலால் தள்ளிப் பார்த்தபடி அக்கா சொன்னார்.

"ஆரம்பத்துல நானேதான் பேசினேன் சாமி. ஒரு புரோக்கரு, லோடோட வந்து நின்னவரு, நான் வெல சொன்னதும் என்ன சொன்னாரு தெரியுமா? பொம்பளகிட்ட வெல பேசிட்டு வந்தேன்னு தெரிஞ்சா ஊர்ல சிரிப்பாங்கன்னாரு. வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு மெசினு ஓடல. மறுவாரம் அவரே வந்தாரு, கிழங்கு விக்கலபோல. இருங்க, வூட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்னு உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்து, அதே வெலையச் சொன்னேன். அவரு சொன்னாருன்னதும் வாயத் தொறக்காம கிழங்க எறக்கிட்டுப் போறாரு." பிறகு சிரித்தார். "நான் சொன்ன வெலதான். அதே வாயிதான்."

ஒருநாள் வறுக்கிற மெஷினைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். அக்கா பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டார். வந்தவர் பதிலையெல்லாம் வாட்ச்மேனைப் பார்த்துச் சொன்னார். பாவம் வாட்ச்மேன், கேட்டைத் திறந்துவிட வந்து அங்கே மாட்டிக்கொண்டவர். எதற்கும் இருக்கட்டும் என்று, "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். பழுது பார்க்க வந்தவர் போனதும் அக்கா வாட்ச்மேனிடம், "என்ன மொதலாளி, மெசினுக்கு என்னவாம்?" என்றார். அன்று முழுக்க அவரை முதலாளி என்றே கூப்பிட்டுக் கேலி செய்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அக்காவுக்கு எதுவும் உறைக்காது, எல்லாவற்றையும் தாண்டிப் போகத் தெரிந்தவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம் ஜவ்வரிசி விலை படுத்துவிட்டது. வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒரே விலையைச் சொன்னார்கள். பேக்டரிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பயந்துபோய் வந்த விலைக்கு விற்றார்கள். அக்கா மட்டும் ஒரு மூட்டைகூட வெளியே விடவில்லை. "வடக்க சிவராத்திரி வருது. விரதத்துக்கு அவங்க ஜவ்வரிசிதான் திம்பாங்க. நாம எல்லாரும் கொஞ்ச நாள் கதவச் சாத்தினா, தேடிட்டு அவங்களே வருவாங்க" என்றார். சுற்றுவட்டாரத்தில் இருந்த பேக்டரிக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். என் மேஜைக்கு எதிரேதான் பேசினார். எல்லோரிடமும் ஒரே பேச்சு: "அவரு சொல்லச் சொன்னாருங்க. அவரு கணக்குல அப்பிடி வருதாமுங்க." ஐயா சொன்னாரா, அப்படியென்றால் சரி என்று எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். விலை ஏறியது. வியாபாரிகள் லாரியோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேக்டரிகள் அந்த வருஷம் மூடாமல் தப்பித்தன.

அந்தச் சந்தோஷத்தோடுதான் சங்கக் கூட்டம் போட்டார்கள். சுற்றுவட்டாரத்து ஆலைக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சின்னச் சங்கம். தலைவராக இருந்த பெரியவருக்கு உடம்பு முடியவில்லை, புதிய தலைவர் வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வேனில் போகும்போது அக்கா வெளியே பார்த்தபடி, "இந்தத் தடவ நான் நிக்கலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "தலைவருக்குங்களா?" என்றேன். "ஏன், நிக்கக் கூடாதா?"

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாயிண்ட்டுக்குத் தகுந்த மாதிரிதான் விவசாயிக்குப் பணம். பாயிண்ட் பார்க்கிற மெஷின் ஒவ்வொரு பேக்டரிக்குள்ளும் இருக்கிறது. உள்ளே என்ன பார்க்கிறார்கள் என்று விவசாயிக்குத் தெரியாது. அதனாலேயே கிழங்கு போடுவதை விட்டுக் கரும்புக்கும் மஞ்சளுக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் செலவில் ஒரு மெஷின் வாங்கி, ரோட்டோரம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது அக்காவின் திட்டம். "நம்பிக்க போயிருச்சுன்னா அடுத்த சீசனுக்குக் கிழங்கே வராது. இத ஒரு பேக்டரிக்காரன் பண்ண முடியாது சாமி. தலைவரா உக்காந்து எல்லாரையும் இழுத்துட்டு வரணும்." அப்படி ஒன்றைத் தனக்கென்று அவர் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் உள்ளே இருந்தவர் பேரில் கேட்டவர்.

மண்டபத்தில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு பையன் ஓடி வந்து, ஃபேன் நன்றாக வருகிறது என்று சமையல்கட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டான். அங்கிருந்து மைக் பேசுவது பாதிதான் கேட்டது. அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் போட்டு உட்கார்ந்தார். நானும் போனேன். மூத்த ஆலைக்காரர் ஒருவர் எழுந்து பேசினார்.

"இந்த வருசம் நம்மள காப்பாத்தினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். வெளிய வராத மனுசன். விளம்பரம் கேக்காத மனுசன். உள்ள உக்காந்துட்டே சேலத்து வியாபாரிங்க எல்லாத்தையும் மண்டியிட வெச்சாரு. நம்ம ஐயா மாதிரி ஒரு மூளக்காரருதான் நமக்குத் தலைவரா வரணும். என்ன சொல்றீங்க?"

மண்டபமே கை தட்டியது. எல்லோரும் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள், வாழ்த்துகிற சிரிப்பு. "ஐயாவ ஒத்துக்க வெக்கறது உங்க பொறுப்புங்கம்மா" என்றார் பேசிய மூத்தவர். அக்கா எழுந்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வேனில் திரும்பும்போது எனக்கு ஆறவே இல்லை. "ஏங்கா, சொல்லியிருக்கலாம்ல? நாந்தான் எல்லாம் பண்ணேன்னு ஒரு வார்த்த?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? இத்தன வருசமா உங்க எல்லாத்தையும் ஏமாத்திட்டு இருந்தேன்னா? உள்ள யாருமே இல்லீங்கன்னா? அவரு சொன்னாருன்னு சொல்லித்தான அத்தன பேரையும் கதவச் சாத்த வெச்சேன். அது பொய்யின்னு தெரிஞ்சா அடுத்த லோடுக்கு எவன் என்னை நம்புவான்?" கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சிரித்தார். "நான் அவரை ரொம்பத்தான் கெட்டிக்காரரா ஆக்கிட்டேன்." நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

மாமா தலைவரானார். முதலில் அவர் பட்ட பயம் கொஞ்சமல்ல. "எனக்கு எதுக்குடி இதெல்லாம், நீயே போயேன்" என்றுதான் அக்காவிடம் சொன்னார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். அக்காதான் அவரைத் தேற்றினார். பாயிண்ட் என்றால் என்ன, வியாபாரி என்ன கேட்பான், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். பொது மெஷின் திட்டத்தையும் அக்கா சொல்லச் சொன்னபடி அவருக்குச் சொன்னேன். "நல்ல யோசன பாப்பா" என்றார். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசினார். எல்லோரும் பாராட்டினார்கள்.

பாராட்டு யாரை விட்டது. சால்வை வந்தது. பேருந்து நிறுத்தத்தில் அவர் கை கூப்பி நிற்கிற ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பொம்மிடிப் போண்டா நின்றது. காலையிலேயே வெள்ளைச் சட்டையோடு பேக்டரிக்கு வர ஆரம்பித்தார். வந்தவர் எங்கே உட்காருவார்? அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை, எழுந்துகொள்ளவும் சொல்லவில்லை. அக்கா என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். "இங்கதான் காத்து நல்லா வருது" என்றார். எனக்கும் மெல்ல அது பழகிப்போனது. டீ வந்தால் முதல் கிளாஸ் அந்த நாற்காலிக்குப் போகும். கேள்வி இருந்தால் நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஸ்டூலைப் பார்ப்போம். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

புரட்டாசி நெருங்கியது. வடக்கே நவராத்திரி விரதம். அக்கா மறுபடி எல்லோருக்கும் போன் போட்டார். யாரும் சரக்கை விடக்கூடாது, தலைவர் சொல்லச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குடோன் நிரம்பி இருந்தது, எங்களுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும். மழை வருகிற மாதிரி இருந்ததால் பயம்தான். ஆனாலும் தலைவரே பிடித்து வைத்திருக்கிறார் என்ற தைரியத்தில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் யாராவது முந்திக்கொண்டால்கூடச் சமாளித்துவிடலாம், தலைவர் பேக்டரியிலிருந்து ஒரு லாரி கிளம்பினால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

வியாபாரிக்கும் அது தெரியும்போல. நேராக எங்களிடம்தான் லாரியோடு வந்தார். அக்கா இருந்த ஸ்டூலைக் கவனிக்காத மாதிரி தாண்டிப் போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைவரே, உங்களப் பாக்கணும்னு எத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்" என்று ஆரம்பித்தார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் ஒரு விலையைச் சொன்னார். அடிமாட்டு விலை. அக்கா வழக்கம்போல எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். "ஒரு வார்த்த கேட்டுட்டு…"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "யாரைக் கேக்கப்போற? நாந்தான் இங்கயே உக்காந்திருக்கேனே!"

வியாபாரியும் சிரித்தார். அவரோடு வந்தவர்களும் சேர்ந்து, அக்காவையும் என்னையும் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் சந்தோஷத்திலேயே மாமா வியாபாரியின் பக்கம் திரும்பினார். "சரி, எடுத்துக்கங்க. இவ்வளவு தூரம் நம்மள மதிச்சு வந்திருக்கீங்க."

"இல்லீங்க, அந்த வெலைக்கு…" என்றார் அக்கா.

"அதான் ஐயாவே சொல்லிட்டாரேம்மா" என்றார் வியாபாரி. அதில் குறும்போ திமிரோ இல்லை, அவர் அப்படித்தான் நம்பினார். இத்தனை வருஷமாக எங்கள் ஆபீஸ் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே. அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா வேறு பக்கம் பார்த்தார். தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும், ஆனால் சொன்ன வார்த்தையை நாலு பேர் முன்னால் எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

சுமை தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். "ஏத்தலாங்களா?" என்று கேட்டார்கள். பேக்டரி வழக்கப்படி குடோன் சாவி என்னிடம் இருக்கும். நான் எடுத்துக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். எத்தனையோ லோடுகளுக்கு நான் கொடுத்திருக்கிறேன், ஒரு முறைகூட அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்ததில்லை. அன்று சாவியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். சாவி வீட்டில் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது எனக்கென்ன புதுசா? ஒரு ராத்திரி கிடைத்திருந்தால் அக்கா மாமாவிடம் பேசி எப்படியாவது சரிசெய்திருப்பார். அக்கா அதைத்தான் எதிர்பார்த்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே யாரும் இல்லை என்று அக்காவைத் தவிர இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

என்னை யாரும் மிரட்டவில்லை. சம்பளத்தை நினைத்தும் நான் பயப்படவில்லை. யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. நாற்காலியில் ஒரு ஆம்பிளை இருந்தார், என் முகம் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. எழுந்து நின்று, அதுவரை மாமா என்றே கூப்பிட்டவரிடம், "குடுத்தர்லாங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. உடம்பெல்லாம் கூசியது. இதை எழுதும்போதும் கூசுகிறது. மாமா தலையாட்டினார். அக்கா என் கையிலிருந்து சாவியை வாங்கி, அதைத் தானே வாசலில் நின்றவர்களிடம் கொடுத்தார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எப்போதும்போல என் தோளைத் தொட்டார்.

"சரியாத்தான் கேட்ட சாமி," என்றார். "இனிமே அவருகிட்டயே கேட்டுக்க."